ஜம்பில் நினைவு அருங்காட்சியகம், கசகஸ்தான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்மாட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஷிம்புலாக் பனிமலை, கோல்சாய் ஏரி, சாரின் பள்ளத்தாக்கு என்று ஓடுவார்கள். ஜம்பில் வீடு பெரும்பாலும் யார் பட்டியலிலும் இருக்காது. ஆனால் வாய்மொழிப் பாட்டு, நாட்டார் வழக்காறு, சோவியத் வரலாறு இவற்றில் ஏதாவது ஒன்றில் ஆசை இருந்தால் அரை நாள் ஒதுக்கிப் போய்வரலாம். வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

யார் இந்த ஜம்பில்?

ஜம்பில் ஜபாயுலி, கசாக் மக்களின் ஆசுகவி. பிறந்தது 1846 பிப்ரவரி 28, இறந்தது 1945 ஜூன் 22. நூறு வயதுக்கு எட்டு மாதம்தான் பாக்கி. ஆடுமாடு மேய்த்து இடம்பெயர்ந்து வாழும் நாடோடிக் குடும்பம். அப்பா பெயர் ஜபாய், அம்மா உல்தான். எழுதப் படிக்கத் தெரியாது. கையில் தோம்ப்ரா என்ற இரண்டு தந்தி வாத்தியம், வாயில் பாட்டு, அவ்வளவுதான் சொத்து. பதினான்கு வயதிலேயே தோம்ப்ராவை எடுத்துக்கொண்டு பாடக் கிளம்பிவிட்டார் என்பது அவர் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் செய்தி. 1936 வரை அவரை ஜெத்திசு வட்டாரத்துக்கு, அதாவது கசகஸ்தானின் தென்கிழக்குப் பகுதிக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. தொண்ணூறு வயதில் திடீரென்று சோவியத் நாடு முழுவதும் தெரிந்த முகமாகிவிட்டார். கடைசி ஏழு வருடம், 1938 முதல் 1945 வரை, அரசு கட்டிக்கொடுத்த ஒரு வீட்டில் வாழ்ந்தார். அந்த வீடுதான் அவருடைய நூற்றாண்டு வருடமான 1946இல் அருங்காட்சியகமானது.

தராஸ் போனால் பார்க்கலாமா? அதுதானே ஜம்பில் மாகாணம்?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கசகஸ்தானில் ஜம்பில் என்ற பெயர் பல இடங்களில் ஒட்டியிருக்கிறது. ஜம்பில் மாகாணத்தின் தலைநகர் தராஸ். அல்மாட்டியிலிருந்து மேற்கே சுமார் 500 கி.மீ. அருங்காட்சியகம் இருப்பது அங்கே அல்ல, அல்மாட்டி மாகாணத்துக்குள் இருக்கும் ஜம்பில் மாவட்டத்தில், ஜம்பில் என்ற கிராமத்தில். அல்மாட்டியிலிருந்து மேற்கே சுமார் 70 கி.மீ.தான். வரைபடத்தில் வெறுமனே 'ஜம்பில்' என்று தேடினால் அது உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. 'உசுனகாஷ்' என்ற மாவட்டத் தலைமை ஊரை முதலில் தேடி, அதன் பக்கத்தில் பாருங்கள்.

தராஸுக்கு அந்தப் பெயர் வந்த கதை தனி. அந்த ஊரின் பழைய பெயர் அவ்லியே அத்தா. 1936இல் கசகஸ்தான் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் லெவோன் மிர்சோயான் பெயரை வைத்தார்கள். 1938இல் மிர்சோயான் கைதானார், மறு வருடம் சுட்டுக் கொல்லப்பட்டார். கைதான ஆள் பெயரில் ஊர் இருக்கக் கூடாதே, உடனே 'ஜம்புல்' என்று மாற்றினார்கள். ஜம்பிலை மாஸ்கோ மேடைக்குக் கொண்டுபோன காலத்துத் தலைவரே இந்த மிர்சோயான்தான். 1997இல்தான் அது தராஸ் ஆனது.

ஜம்பிலா, ஜம்புலா, ஜபாயெவா, ஜபாயுலியா?

ஒரே ஆள்தான். ஜம்பில் ஜபாயுலி கசாக் வடிவம், ஜம்புல் ஜபாயெவ் ரஷ்ய வடிவம். இணையத்தில் தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். பழைய சோவியத் படங்களும் செய்திகளும் இரண்டாவது பெயரில்தான் கிடைக்கும்.

எப்படிப் போவது?

அல்மாட்டியிலிருந்து கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில் உசுனகாஷ் வரும். அதுவரை மேற்குப் பக்கம் போகும் சிற்றுந்திலோ பகிர்வு டாக்சியிலோ போய், அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்கலாம். இரண்டு மூன்று பேராக இருந்தால் போகவரக் காத்திருப்போடு ஒரு வாடகைக் காரைப் பேசிக்கொள்வதுதான் நிம்மதி, ஏனென்றால் கிராமத்திலிருந்து திரும்பி வர வண்டி கிடைக்காமல் சாலையோரம் நிற்பது குளிர்காலத்தில் விளையாட்டான விஷயம் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2022 முதல் 14 நாள் வரை விசா தேவையில்லை. விதிகள் மாறும், டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை, அதனால் திங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன் தொடக்கம், அல்லது செப்டம்பர். ஜூலையில் புல்வெளி காய்ந்து வெயில் கொளுத்தும்.

உள்ளே என்ன இருக்கிறது?

அவர் வாழ்ந்த வீடு, அவர் புழங்கிய பொருட்கள், தோம்ப்ரா, சப்பான் என்கிற நீண்ட மேலங்கி, வந்து குவிந்த பரிசுகள், புகைப்படங்கள், பல மொழிகளில் வந்த புத்தகங்கள், விருதுகள் பற்றிய செய்திகள். வளாகத்திலேயே தோட்டம், தோட்டத்தில் அவருடைய கல்லறை மண்டபம். பெரிய நகர அருங்காட்சியகம் மாதிரி தொடுதிரை, ஒளிக்காட்சி என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

தோம்ப்ரா இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். பேரிக்காய் வடிவத்தில் ஒரு மரக்குடம், ஒல்லியான நீளக் கழுத்து, இரண்டே தந்தி. பழைய தோம்ப்ராக்களில் தந்தி ஆட்டுக் குடலில் செய்தது, கழுத்தில் சுர இடங்களும் அதே குடல்நூலைச் சுற்றிக் கட்டியவைதான். மீட்டுவதற்குத் தனித் துண்டு எதுவும் கிடையாது. மணிக்கட்டைத் தளர்த்தி விரல்களாலேயே மேலும் கீழும் தட்டுவார்கள். பாடகர் அடுத்த வரியை மனதுக்குள் தேடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தட்டல்தான் அவருக்கு ஒன்றிரண்டு விநாடி அவகாசம் வாங்கிக் கொடுக்கும். காகிதமே இல்லாமல் எண்பது வருடம் கவிதை செய்த ஒருவருக்கு இதுதான் எழுதுகோல், இதுதான் நோட்டுப்புத்தகம். அருங்காட்சியகத்தில் இருக்கும் மற்றவற்றில் பெரும்பாலானவை, பரிசுகளும் விருதுகளும் உட்பட, 1936க்குப் பிறகு சேர்ந்தவை. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால் அந்த வீடு வேறு மாதிரி தெரியும்.

அக்கின் என்றால் யார்? பாடகரா, கவிஞரா?

இரண்டும். அக்கின் என்பவர் அந்த இடத்திலேயே, யோசிக்க நேரம் இல்லாமல், தோம்ப்ராவோடு கவிதை கட்டிப் பாடுகிறவர். நம் ஆசுகவி என்ற சொல் கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் அக்கினுக்கு இசையும் கட்டாயம். ஜிராவ் என்று இன்னொரு வகை உண்டு. அவர்கள் கான்களின், அதாவது மன்னர்களின், அவையில் யோசனை சொல்லும் மூத்த பாடகர்கள். ஏற்கெனவே இருக்கும் காவியத்தை மனப்பாடமாகப் பாடுகிறவர் ஜிர்ஷி. ஜம்பிலுக்குக் காவியமும் வரும். சுரான்ஷி பாத்திர், உத்தெகென் பாத்திர் என்ற இரண்டு வீரர்களின் கதைப்பாடல்கள் அவர் பெயரில் இருக்கின்றன. ('பாத்திர்' என்றால் வீரன்.) சுரான்ஷி, 19ஆம் நூற்றாண்டில் கோக்கந்து என்ற மத்திய ஆசிய அரசின் ஆட்சியை எதிர்த்துச் சண்டை போட்டவர். ஜம்பில் சிறுவனாக இருந்தபோது அந்தச் சண்டைகள் அவர் வீட்டு வாசலிலேயே நடந்தன. 1860இல் ரஷ்யப் படைக்கும் கோக்கந்துப் படைக்கும் பெரிய மோதல் நடந்தது இதே உசுனகாஷில்தான்.

அய்திஸ் என்று சொல்கிறார்களே, அது?

பாட்டுப் போட்டி. எசப்பாட்டு கேட்டவர்களுக்கு உடனே பிடிபடும். இரண்டு அக்கின்கள் எதிரெதிரே தோம்ப்ராவோடு உட்காருவார்கள். ஒருவர் பாட, மற்றவர் அவருடைய சொல்லையே பிடித்து மடக்கிப் பதில் பாட வேண்டும். அடுத்தவர் குலம், ஊர், தலைவர், வயது, உடம்பு, குதிரை எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஆனால் கெட்ட வார்த்தையில் இறங்கினால் அவையே சிரித்து அனுப்பிவிடும். தாளம் தடுமாறினாலோ, பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினாலோ தோல்வி. தோற்றவர் அதை ஒப்புக்கொள்வதும் மரபு.

ஜம்பில் பேர் வாங்கியது இப்படித்தான். குல்மாம்பெத் என்ற பெரிய அக்கினோடு நடந்த அய்திஸ்தான் அதிகம் பேசப்படுவது. குல்மாம்பெத் தன் பக்கத்துப் பணக்காரர்களையும் அவர்களுடைய மந்தைகளையும் அடுக்கிக்கொண்டே போனாராம். ஜம்பில் அந்தக் கணக்குக்குப் பதில் கணக்கு சொல்லவில்லை. ஆடுமாட்டை எண்ணுவதற்கு அக்கின் எதற்கு என்கிற தோரணையில், தன் பக்கத்து வீரர்களையும் மக்களின் ஒற்றுமையையும் பாடி மடக்கிவிட்டார். சர்பாஸ் என்ற அக்கினோடு நடந்த போட்டியும் பிரபலம். எண்ணிப் பாருங்கள், இதெல்லாம் நடந்தபோது யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டவர்கள் மனதில் வைத்து, அவர்களிடமிருந்து அடுத்தவர்கள் வாங்கி, அப்படியே பல பத்தாண்டு கடந்துதான் காகிதத்துக்கு வந்தது.

அவருக்கு ஆசிரியர் யாராவது?

சூயின்பாய் அரோனுலி (1815–1898). அதே வட்டாரத்து அக்கின். கிர்கிஸ் அக்கின் கத்தகனை அய்திஸில் வென்றவர் என்று புகழ். இளைஞன் ஜம்பிலுக்கு ஆசி கொடுத்தவர் அவர்தான். கடைசிவரை ஜம்பில், என் குரு சூயின்பாய், அவரை வணங்காமல் நான் வாய் திறப்பதில்லை என்ற பொருளில் பாடிக்கொண்டிருந்தார். சூயின்பாயின் ஊரும் அதே ஜம்பில் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கார் பேசிப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

1936இல் அப்படி என்ன நடந்தது?

மாஸ்கோவில் அந்த வருடம் மே மாதம் கசாக் கலை விழா நடந்தது. ஒவ்வொரு குடியரசும் தன் கலையைத் தலைநகரில் காட்ட வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. ஓபராவுக்குக் குல்யாஷ் பைசெயித்தோவா போனார், நாட்டார் பாட்டுக்கு ஜம்பில். தொண்ணூறு வயது, வெள்ளைத் தாடி, ரோமத் தொப்பி, கையில் தோம்ப்ரா. சோவியத் பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல முகம் கிடைக்குமா? அதே வருடம் ஒரு விருது, 1938இல் லெனின் விருது, 1941இல் ஸ்டாலின் பரிசு. தெருக்களுக்கும் மன்றங்களுக்கும் அவர் பெயர்.

அவர் ஸ்டாலின் புகழ் பாடியவர்தானே? அவருக்கு எதற்கு மரியாதை?

பாடினார். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஸ்டாலினை மட்டுமா, ரகசியப் போலீஸ் தலைவர் யெஜோவைப் புகழ்ந்தும் 1937இல் அவர் பெயரில் கவிதை வந்தது. ஆயிரக்கணக்கானோரைச் சுட்டுக் கொல்லும் பட்டியல்கள் ஓடிக்கொண்டிருந்த வருடம் அது. 1940இல் யெஜோவையே சுட்டுவிட்டார்கள், பாட்டும் ஓசையில்லாமல் காணாமல் போனது.

சுற்றிலும் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 1930–33 பஞ்சத்தில் கசகஸ்தானில் சுமார் 15 லட்சம் பேர் செத்தார்கள். கசாக் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மந்தைகளைக் கூட்டுப்பண்ணைக்காகப் பறித்ததன் விளைவு. ஜம்பில் பாடி வளர்ந்த நாடோடி வாழ்க்கை அதோடு முடிந்தது. அப்புறம் எழுத்தாளர்கள்: சாகென் செய்ஃபுல்லின், பெயிம்பெத் மாயிலின், இலியாஸ் ஜன்சுகுரோவ் மூவரும் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜம்பிலுக்கு இந்த வீடு கட்டப்பட்டதும் அதே 1938. படித்த கவிஞர்களைக் கொன்ற அரசு, படிக்காத கிழவரை மேடையில் உட்காரவைத்தது. அந்த வீட்டின் வாசலில் நிற்கும்போது எனக்கு முதலில் தோன்ற வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்காக அவரை வெறும் துதிபாடி என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. புகழ்ந்து பாடுவது அக்கினுடைய தொழிலில் ஒரு பாகம். கானைப் புகழ்வார்கள், வீரனைப் புகழ்வார்கள், விருந்து வைத்தவரைப் புகழ்வார்கள். அதற்கென்று வாய்பாடுகள், உவமைகள், அடைமொழிகள் தயாராக இருக்கும். மாஸ்கோ அந்தப் பழைய அச்சில் புதுப் பெயரை ஊற்றிக்கொண்டது. ஆனால் அதே மரபில் அக்கின் தலைவனைக் குத்திக்காட்டவும் உரிமை உண்டு. அந்த உரிமை 1936க்குப் பிறகு அவருக்கு இல்லை. ஜார் காலத்தில் உள்ளூர் அதிகாரிகளைத் திட்டிப் பாடியவர், 1916இல் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து மக்கள் எழுந்தபோது அந்தத் துயரத்தைப் பாடியவர், கடைசிப் பத்து வருடத்தில் யாரையும் திட்டவில்லை.

அந்தக் கவிதைகள் அவருடையவே இல்லை என்கிறார்களே?

பழைய சந்தேகம், இன்னும் தீரவில்லை. அவர் பாடுவார், பக்கத்தில் அரசு வைத்த செயலாளர்கள் கசாக் மொழியில் எழுதிக்கொள்வார்கள். தாயிர் ஜரோக்கோவ், காலி ஓர்மானோவ் போன்றவர்கள், அவர்களே நல்ல கவிஞர்கள். அங்கிருந்து ரஷ்ய மொழிக்குப் போகும். பாவெல் குஸ்னெத்சோவ், மார்க் தர்லோவ்ஸ்கி போன்றவர்கள் மொழிபெயர்த்தார்கள். அங்கிருந்து பத்திரிகைக்கு. இதில் எந்தக் கட்டத்தில் யார் எவ்வளவு சேர்த்தார்கள் என்பதுதான் வழக்கு. ஆளே கற்பனை, ரஷ்யக் கவிஞர்கள் உட்கார்ந்து எழுதியது என்று சொல்கிறவர்களும் உண்டு. அது நிச்சயம் மிகை. ஆள் இருந்தார், அய்திஸில் ஜெயித்தார், அவரைக் கேட்டவர்கள் ஏராளம்.

என் கருத்து என்னவென்றால், ஒரே அளவுகோலை எல்லாப் பாட்டுக்கும் வைக்கக் கூடாது. அய்திஸ் பாட்டுகள், குருவைப் பற்றிய வரிகள், கதைப்பாடல்கள் இவற்றில் ஏழெட்டு அசையில் குதிரை ஓட்டம் மாதிரி போகும் ஜிர் என்ற பழைய பாட்டு நடை இருக்கிறது. கட்சி மாநாட்டு அறிக்கை வெளிவந்த மறுநாளே அதே சொற்களோடு வந்த கவிதைகளை அவ்வளவு எளிதாக நம்ப வேண்டியதில்லை.

லெனின்கிராட் கவிதை என்பது எது?

1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்தது. 95 வயது ஜம்பில் அந்த ஊர் மக்களை 'என் பிள்ளைகளே' என்று கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடினார். தர்லோவ்ஸ்கி மொழிபெயர்ப்பில் அது வானொலியில் போனது, சுவரொட்டியாக அச்சாகி முற்றுகைக்குள் இருந்த நகரத்தின் சுவர்களில் ஒட்டப்பட்டது. தன் புல்வெளி ஓடையில் லெனின்கிராட் வழியாக ஓடும் நேவா நதியின் மினுக்கம் தெரிகிறது என்று ஒரு இடம் வரும். மூவாயிரம் கி.மீ.க்கு அப்பால், குண்டுவீச்சுக்கு நடுவில், ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறவர் சுவரில் இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் அதன் வேகம் புரியும். முற்றுகை 1944 ஜனவரி வரை நீண்டது. லெனின்கிராடின் இன்றைய பெயர் பீட்டர்ஸ்பர்க், அங்கே இன்றும் ஜம்புல் பெயரில் ஒரு சந்து உண்டு. 2003இல் அங்கே அவருக்குச் சிலையும் வைத்தார்கள். நகரங்களும் தெருக்களும் பெயர் மாறிய பிறகும் இந்த ஒன்று நிலைத்ததற்கு இந்தப் பாட்டுதான் காரணம்.

அவருடைய மகன் போரில் இறந்ததாகப் படித்தேன்.

ஆமாம், அல்கதாய். 1943இல் உக்ரைன் போர்முனையில் இறந்தார். கசாக் மரபில் சாவுச் செய்தியைச் சொல்வதற்கென்றே ஒரு பாட்டு வகை உண்டு, எஸ்தீர்த்து, ஒப்பாரிக்கு ஜொக்தாவ். வாழ்நாள் முழுக்க மற்றவர் வீட்டுச் சாவைப் பாடிய வகையிலேயே தன் மகனையும் பாட வேண்டி வந்தது. இந்த ஒரு பாட்டை யார் எழுதிக்கொடுத்தது என்று யாரும் சண்டை போடுவதில்லை. 1945 மே மாதம் போர் முடிந்தது, ஜூன் மாதம் அவர் போய்விட்டார்.

கல்லறை மண்டபத்தில் எப்படி நடந்துகொள்வது?

உள்ளூர்க்காரர்கள் அங்கே உட்கார்ந்து குர்ஆன் ஓதி, இரண்டு உள்ளங்கையையும் முகத்தில் தடவி எழுவார்கள். நீங்கள் ஓத வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அவர்கள் முடிக்கும்வரை பேசாமல் நின்றால் போதும், அந்த நேரம் படம் எடுக்காதீர்கள். வீட்டுக்குள் போகும்போது காலணிக்கு மேல் போட்டுக்கொள்ளப் பிளாஸ்டிக் உறை கொடுத்தால் மாட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்து அருங்காட்சியகங்களில் அது சகஜம்.

கசாக்கும் தெரியாது, ரஷ்யனும் தெரியாது. போய் என்ன புரியும்?

நியாயமான கேள்வி. விளக்கங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு மொழியில்தான் இருக்கும். கைபேசியில் எழுத்தைப் படம் பிடித்து மொழிபெயர்க்கும் செயலியை இரண்டு மொழிக்கும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், போவதற்கு முன் அல்மாட்டியிலேயே ஒருமுறை தோம்ப்ரா கேட்டுவிடுங்கள். பன்ஃபிலோவ் பூங்காவில் பழைய மரக் கட்டடம் ஒன்றில் இக்லாஸ் பெயரில் இசைக்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது. நகரத்து இசை அரங்கத்துக்கும் ஜம்பில் பெயர்தான், அங்கே கச்சேரி இருக்கிறதா என்றும் பாருங்கள். காதில் அந்தச் சத்தம் இல்லாமல் கண்ணாடிக்குள் இருக்கும் தோம்ப்ராவைப் பார்ப்பது வெறும் மரத்தைப் பார்ப்பதுதான்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தோட்டத்தில் ஓடலாம். வீட்டுக்குள் சலித்துவிடும்.

அய்திஸ் இப்போதும் நடக்கிறதா?

நன்றாகவே நடக்கிறது. சோவியத்தின் கடைசிக் காலத்தில் தொலைக்காட்சி வழியாகத் திரும்பப் பிடித்துக்கொண்டது. இப்போது அரங்கம் நிறைய ஆள், நடுவர், கார் பரிசு என்று அதன் கோலமே மாறிவிட்டது. இளைஞர்களும் பெண்களும் பாடுகிறார்கள், விலைவாசி, ஊழல், மொழிக் கொள்கை எல்லாம் பாட்டில் வருகிறது. 2015இல் கசகஸ்தானும் கிர்கிஸ்தானும் சேர்ந்து கேட்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மார்ச் 21 முதல் 23 வரை வரும் நவ்ரிஸ் என்ற வசந்தப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டிப் போனால் எங்காவது ஒன்று நேரில் கிடைக்க வாய்ப்பு அதிகம். மொழி புரியாவிட்டாலும் கவலையில்லை, யார் அடிவாங்குகிறார் என்பது கூட்டம் சிரிக்கும் சிரிப்பிலேயே தெரிந்துவிடும்.